தூசியிலே வானத்தைக் கண்டவர்

ஓட்டு வீட்டுக் கூடத்தில் கூரை இடுக்கு வழியாக வெயில் உள்ளே விழும்போது ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். கூரையிலிருந்து தரை வரைக்கும் சாய்வாக ஒரு வெள்ளைத் தூண் நிற்பது போலத் தோன்றும். அந்தத் தூணுக்குள்ளே எண்ணற்ற தூசிகள் ஏறுவதும் இறங்குவதும் சுழல்வதுமாக இருக்கும். குழந்தைகள் கையை நீட்டி அதைப் பிடிக்கப் பார்ப்பார்கள். பெரியவர்கள், வீட்டைச் சரியாகப் பெருக்கவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே போய்விடுவார்கள்.

அந்தத் தூண் எதனால் ஆனது? ஒளியால் ஆனது என்றுதான் நாம் எல்லோரும் சொல்வோம். ஆனால், ஒளி தான் போகிற வழியில் நம் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. வழியில் கிடக்கும் தூசி அதைத் தடுத்து நாலா பக்கமும் சிதற அடிக்கிறது. அப்படிச் சிதறி வந்த ஒளிதான் நம் கண்ணுக்குள் விழுகிறது. தூசியை அடியோடு நீக்கிவிட்டால், எவ்வளவு பிரகாசமான விளக்கை வைத்தாலும் அந்த வழி இருட்டாகவே இருக்கும்.

இந்தச் சின்ன உண்மையைப் பற்றிக்கொண்டு, வானம் ஏன் நீலமாக இருக்கிறது, கடல் ஏன் ஓர் இடத்தில் நீலமாகவும் ஓர் இடத்தில் பச்சையாகவும் இருக்கிறது, பால் ஏன் கெடுகிறது, புண் ஏன் புரையோடுகிறது என்பது வரைக்கும் போனவர் ஒருவர் இருந்தார். அவர்தான் ஜான் டிண்டால். விஞ்ஞானம் படித்த மாணவர்கள் 'டிண்டால் விளைவு' என்று அவர் பெயரை மனப்பாடம் செய்திருப்பார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த மனிதரின் கதை, கதைகளில் வருவதைக் காட்டிலும் விசித்திரமானது. முடிவில் மனத்தை உருக்கக் கூடியது.

கான்ஸ்டபிள் மகன்

அயர்லாந்து தேசத்தில் கார்லோ ஜில்லாவில் லீலின்பிரிட்ஜ் என்பது ஒரு சிற்றூர். அங்கே 1820-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 2-ந் தேதி டிண்டால் பிறந்தார். தகப்பனார் போலீஸ் கான்ஸ்டபிள். சொத்து என்று எதுவும் கிடையாது. ஆனால் பையனுக்குப் படிப்பு வேண்டும் என்பதில் மட்டும் அவர் பிடிவாதமாக இருந்தார். நல்ல உபாத்தியாயர் ஒருவர் அமைந்தார். கணக்கிலும் நில அளவையிலும் பையன் தேர்ச்சி பெற்றான்.

அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் சர்க்கார் அயர்லாந்தை அங்குலம் அங்குலமாக அளந்து படம் வரைந்துகொண்டிருந்தது. 1839-ல் அந்த சர்வே இலாகாவில் டிண்டால் வேலைக்குச் சேர்ந்தார். மூன்று வருஷம் கழித்து இங்கிலாந்தில் பிரஸ்டன் நகருக்கு மாற்றப்பட்டார். அங்கே சம்பளம் சொற்பம், வேலையோ அதிகம். அயர்லாந்துக்காரர்களுக்கு மரியாதையும் குறைவு. சகாக்களுடன் சேர்ந்து டிண்டால் மேலதிகாரிகளுக்கு எதிராகக் குரல் கொடுத்தார். 1843-ல் வேலை போயிற்று.

வேலை போனதும் அவர் சோர்ந்துவிடவில்லை. இங்கிலாந்தெங்கும் ரயில் பாதை போடும் வெறி பிடித்திருந்த சமயம் அது. நிலம் அளக்கத் தெரிந்தவனுக்கு நல்ல கிராக்கி. டிண்டால் இரவு பகலாக உழைத்தார். கையில் கொஞ்சம் காசும் சேர்ந்தது. ரயில் வெறி தணிந்த பின், 1847-ல் ஹாம்ப்ஷயரில் குவீன்வுட் கல்லூரி என்ற பள்ளியில் கணக்கு வாத்தியாரானார். அங்கே ரசாயனம் கற்பித்த எட்வர்டு பிராங்க்லண்டு அவருக்கு நண்பரானார். இருவரும் ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டார்கள்.

இங்கிலாந்தில் பணமும் குலமும் இல்லாதவனுக்கு உயர்ந்த விஞ்ஞானக் கல்வி எளிதில் கிடைக்காது என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. 1848-ல் இருவரும் ஜெர்மனிக்குப் புறப்பட்டார்கள். மார்பர்க் சர்வகலாசாலையில் புகழ் பெற்ற புன்ஸன் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். டிண்டாலுக்கு அப்போது வயது 28. ரயில் பாதை அளந்து சேர்த்த பணத்தைச் செலவழித்து, பையன்களோடு பையனாக உட்கார்ந்து படித்தார். கைப்பணம் தீர்வதற்குள் படிப்பு முடிய வேண்டும். பொழுது விடியுமுன் எழுந்து படித்தார். இரண்டே வருஷத்தில், 1850-ல், டாக்டர் பட்டம் பெற்றார்.

பட்டம் கிடைத்தது, உத்தியோகம் கிடைக்கவில்லை. கனடாவில் டொராண்டோவுக்கு மனுப் போட்டார். ஆஸ்திரேலியாவில் சிட்னிக்கு மனுப் போட்டார். எங்கும் பலிக்கவில்லை. மறுபடி குவீன்வுட் பள்ளிக்கே போய்க் கணக்குச் சொல்லிக் கொடுத்தார்.

ஒரு மாலைப் பிரசங்கம்

லண்டனில் ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்று ஒரு ஸ்தாபனம் உண்டு. ஆராய்ச்சி நடத்துவதும், அந்த ஆராய்ச்சியைப் பொது ஜனங்களுக்குச் செய்து காட்டி விளக்குவதும் அதன் பணி. மின்சார விஞ்ஞானத்தின் தந்தை என்று சொல்லத்தக்க மைக்கேல் பாரடே அங்கேதான் இருந்தார். 1853-ம் வருஷம் பிப்ரவரி மாதம் அங்கே பேச டிண்டாலுக்கு ஓர் அழைப்பு வந்தது.

அந்த ஒரு பிரசங்கம் அவர் தலைவிதியை மாற்றிவிட்டது. கடினமான விஷயத்தை எளிதாகச் சொன்னார். சொன்னதைக் கண் முன்னே செய்தும் காட்டினார். அதே வருஷத்தில் அந்த ஸ்தாபனத்திலேயே பௌதிகப் பேராசிரியராக நியமனம் பெற்றார். பாரடே ஒரு கொல்லன் மகன்; டிண்டால் ஒரு கான்ஸ்டபிள் மகன். இருவரும் தகப்பனும் பிள்ளையும் போலப் பழகினார்கள். 1867-ல் பாரடே காலமான பிறகு, அந்தப் பெரியவரின் இடத்தில் டிண்டாலே அமர்ந்தார்.

நீருக்குள் சிறைப்பட்ட ஒளி

1854-ல் டிண்டால் ஒரு வேடிக்கை காட்டினார். அதற்கு யோசனை சொன்னவர் பாரடே. ஒரு பாத்திரத்தில் தண்ணீர் நிரம்பியிருக்கிறது. பக்கவாட்டில் ஒரு துவாரம். அதன் வழியாகத் தண்ணீர் வில் போல வளைந்து கீழே விழுகிறது. துவாரத்துக்கு நேர் எதிர்ப் பக்கத்திலிருந்து பாத்திரத்துக்குள் ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். ஒளி நேர் கோட்டில்தான் செல்லும் என்று நாம் படித்திருக்கிறோம். ஆகவே, அது துவாரத்தைத் தாண்டி நேரே எதிர்ச் சுவரில் போய் விழ வேண்டும். விழவில்லை! தண்ணீர் எப்படி வளைகிறதோ அப்படியே ஒளியும் வளைந்து, தாரை தரையைத் தொடும் இடத்தில் பளிச்சிடுகிறது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. நீருக்குள் செல்லும் ஒளி, நீரின் விளிம்பைச் சாய்வாகத் தொட்டால் வெளியே வர முடியாது. கண்ணாடியில் பட்டது போல உள்ளேயே திரும்பிவிடும். இப்படி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மோதி மோதி, சின்னஞ்சிறு நேர் கோடுகளாகவே சென்று, மொத்தத்தில் வளைந்து விடுகிறது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த வேடிக்கையை முதலில் செய்தவர் டிண்டால் அல்ல. ஜினீவா நகரத்து டேனியல் கொலாடன் என்பவர் இதைச் செய்து காட்டி, 1842-லேயே கட்டுரையும் எழுதியிருந்தார். ஆனால் டிண்டாலின் நாவன்மையால் இது பரவலாகத் தெரிந்து, வெகு காலம் அவர் பெயரிலேயே வழங்கிவிட்டது.

அனலும் பனியும்

1859-ல் டிண்டால் வேறொரு கேள்வியை எடுத்துக்கொண்டார். பூமி வெயிலில் காய்கிறது. இரவில் அந்த உஷ்ணம் ஏன் முழுவதும் ஆகாயத்துக்குப் போய்விடுவதில்லை? நீண்ட குழாயில் ஒவ்வொரு வாயுவாக நிரப்பி, அதன் வழியே உஷ்ணக் கதிர்களைச் செலுத்தி அளந்தார். பிராணவாயுவும் நைட்ரஜனும் உஷ்ணத்தைத் தடுப்பதாகவே தெரியவில்லை. காற்றில் சொற்ப அளவே உள்ள நீராவியும் கரியமில வாயுவும்தான் அதைப் பிடித்து வைத்துக்கொண்டன. அமெரிக்காவில் யூனிஸ் புட் என்ற மாது, வெயிலில் வைத்த குழாய்களில் கரியமில வாயு அதிகமாகச் சூடேறுவதை 1856-லேயே சொல்லியிருந்தார். பூமியிலிருந்து கிளம்பும் உஷ்ணத்தை எந்த வாயு எவ்வளவு மறிக்கிறது என்று கருவி வைத்து அளந்து காட்டியவர் டிண்டால். பூமி சூடேறி வருவதைப் பற்றி இன்று உலகம் பேசும் பேச்சுக்கெல்லாம் அவருடைய அளவைகள் ஓர் ஆதாரம்.

கோடை வந்துவிட்டால் ஆராய்ச்சிசாலையைப் பூட்டிவிட்டு ஆல்ப்ஸ் மலைக்குப் போய்விடுவார். பனிப்பாறை எப்படி நகர்கிறது என்று பார்க்கத்தான் முதலில் போனார். பிறகு மலையேறுவதே ஒரு பித்தாகிவிட்டது. 4,506 மீட்டர் உயரமுள்ள வைஸ்ஹார்ன் சிகரத்தில் 1861-ம் வருஷம் ஆகஸ்டு 19-ந் தேதி முதன் முதலாகக் கால் வைத்தவர்கள் டிண்டாலும் அவருடைய இரண்டு வழிகாட்டிகளும்தான். மலை உச்சியில் அண்ணாந்து பார்த்தால் வானம் கீழே தெரிவதைக் காட்டிலும் கரு நீலமாக இருக்கும். அந்த நீலம் எங்கிருந்து வருகிறது என்பது அப்போது யாருக்கும் தெளிவாகத் தெரியாது.

இடைஞ்சலே ஆராய்ச்சி

1868-ல் டிண்டால் ஒரு குழாய்க்குள் வாயுக்களை நிரப்பி, அவற்றின் மேல் பலத்த ஒளியைப் பாய்ச்சிப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஓர் இடைஞ்சல் குறுக்கிட்டது. குழாய்க்குள் செலுத்திய காற்றில் தூசி மிதந்தது. ஒளி பட்டவுடன் அது மின்னி, பார்க்க வேண்டியதைப் பார்க்க விடாமல் செய்தது. அமிலத்தின் வழியாகக் காற்றைச் செலுத்திக் கழுவினார். காரத்தின் வழியாகச் செலுத்திக் கழுவினார். தூசி போகவில்லை. கடைசியில் சாராய விளக்கின் சுடர் மேல் காற்றைச் செலுத்தினார். தூசி மறைந்தது!

வேறு ஒருவராக இருந்தால், இடைஞ்சல் தீர்ந்தது என்று சந்தோஷப்பட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போயிருப்பார். டிண்டால் அங்கேயே நின்றார். சுடரில் எரிந்து போகிறது என்றால், இது மண் அல்ல, கல் அல்ல. உயிர்ப் பொருள்களிலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும். லண்டன் காற்றில், நாம் ஒவ்வொரு மூச்சிலும் இழுக்கும் காற்றில், இது மிதந்துகொண்டிருக்கிறது. இதில் என்னென்ன இருக்கின்றன? இந்த ஒரு கேள்வி அவரை இரண்டு பாதைகளில் இழுத்துச் சென்றது. ஒன்று வானத்துக்குப் போகும் பாதை. மற்றது வியாதிக்குப் போகும் பாதை.

குழாய்க்குள் ஓர் ஆகாயம்

முதல் பாதையைப் பார்ப்போம். தூசி நீக்கிய காற்றோடு சில ரசாயனத் திரவங்களின் ஆவியைக் கலந்து கண்ணாடிக் குழாயில் அடைத்தார். அறையை இருட்டாக்கி, பலமான ஒளிக் கற்றையை உள்ளே செலுத்தினார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. சிறிது நேரத்தில், ஒளியின் வேகத்தால் ஆவி சிதைந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துகள்கள் உண்டாக ஆரம்பித்தன. குழாய்க்குள் மெல்ல ஒரு நீல நிறம் படர்ந்தது. மழை பெய்து ஓய்ந்த நாளின் ஆகாயம் போல அத்தனை அழகான நீலம்! நேரம் ஆக ஆகத் துகள்கள் பருத்தன. நீலம் வெளுத்தது, முடிவில் வெண்மேகம் போலாயிற்று.

துகள் மிக நுண்ணியதாக இருந்தால், வெள்ளை ஒளியில் கலந்துள்ள நீலத்தை அதிகமாகவும் சிவப்பைக் குறைவாகவும் சிதற அடிக்கிறது. துகள் பெரிதானால் எல்லா நிறங்களையும் ஒன்று போலச் சிதற அடிக்கிறது. அதனால் வெள்ளையாகத் தெரிகிறது. மேகம் வெள்ளையாகவும் வானம் நீலமாகவும் இருப்பதன் ரகசியம் மூன்றடிக் குழாய் ஒன்றுக்குள் அகப்பட்டுக்கொண்டது.

இன்னொரு சாட்சியும் கிடைத்தது. வானத்து ஒளிக்கு ஒரு குணம் உண்டு. சூரியனுக்குக் குறுக்குத் திசையில் வானத்தைப் பார்த்தால், அந்த ஒளியின் அதிர்வு பெரும்பாலும் ஒரே தளத்தில் இருக்கும். இது வெகு நாளாகப் புதிராக இருந்து வந்தது. டிண்டால் தம் குழாயின் நீல ஒளியைப் பக்கவாட்டிலிருந்து அதற்குரிய பளிங்கு வழியாகப் பார்த்தார். அதே குணம் அங்கேயும் இருந்தது. குழாயில் இருந்தது வெறும் நீலச் சாயம் அல்ல. வானத்தின் ஒரு துண்டு என்று நிச்சயமாயிற்று.

இதற்குக் கணக்கு எழுதியவர் ராலே பிரபு. ஒளியின் அலை நீளம் பாதியானால் சிதறல் பதினாறு மடங்காகும் என்ற விதியை 1871-ல் அவர் நிறுவினார். வானத்தில் தூசி கூட வேண்டியதில்லை, காற்றின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதற அடிக்கப் போதும் என்றும் 1899-ல் காட்டினார். அந்த அளவில் டிண்டாலின் எண்ணம் திருத்தம் பெற்றது. ஆனாலும் வழி திறந்தவர் அவரே.

1870-ம் வருஷக் கடைசியில் சூரிய கிரகணம் பார்ப்பதற்காக அல்ஜீரியாவுக்குக் கப்பலில் போனார். அன்று பார்த்து மேகம் மூடிவிட்டது, கிரகணம் தெரியவில்லை. பிரயாணம் வீண் என்று மற்றவர்கள் வருந்தினார்கள். டிண்டாலோ திரும்பி வரும் வழியெல்லாம் கடல் தண்ணீரைப் புட்டி புட்டியாகப் பிடித்துக்கொண்டு வந்தார். லண்டனில் ஒவ்வொரு புட்டியிலும் ஒளிக் கற்றையைச் செலுத்திப் பார்த்தார். கரு நீலமாக இருந்த கடலின் தண்ணீரில் துகள் மிகக் குறைவு. பச்சையாக இருந்த கடலின் தண்ணீரில் துகள் அதிகம். கரையோரக் கலங்கல் நீரில் அதைவிட அதிகம். இன்று குடிநீர் எவ்வளவு கலங்கல் என்று அளக்கும் கருவிகளும், நீருக்குள் ஒளியைச் செலுத்தி, சிதறி வருவதைத்தான் அளக்கின்றன.

தூசியும் வியாதியும்

இரண்டாவது பாதை கரடுமுரடானது. பண்டங்கள் அழுகுவதற்குக் காரணம் காற்றிலே வரும் கிருமிகள்தான் என்று பிரான்ஸில் பாஸ்டர் சொல்லியிருந்தார். உயிரில்லாத பொருளிலிருந்தே கிருமிகள் தாமாகத் தோன்றும் என்று இங்கிலாந்தில் பாஸ்டியன் என்ற டாக்டர் வாதாடினார். வைத்தியர்கள் இரு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். கிருமி தானாகவே தோன்றும் என்றால், புண்ணைச் சுத்தமாக வைத்து என்ன பயன்? ஆயிரக் கணக்கான நோயாளிகளின் உயிர் இந்த வாதத்தில் அடங்கியிருந்தது.

1870 ஜனவரியில் தூசியும் வியாதியும் என்ற பொருள் பற்றி டிண்டால் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் பேசினார். கூடியிருந்தவர்கள் சுவாசிக்கும் காற்றையே ஒளிக் கற்றையில் பிடித்துக் காட்டினார். பஞ்சினால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு மூச்சு விட்டால் தூசி வடிந்துவிடும் என்பதையும் காட்டினார். அந்த யோசனையே வளர்ந்து, கிளிசரினில் நனைத்த பஞ்சும் மரக்கரியும் அடைத்த முகமூடியாயிற்று. ஒரு மூச்சுக் கூடத் தாங்க முடியாத புகையில், அதை அணிந்தவர் அரை மணிக்கு மேல் நிற்க முடிந்தது. தீயணைக்கும் வீரர்களுக்காக அவர் செய்த காரியம் அது.

பிறகு ஒரு மரப் பெட்டி செய்தார். முன் பக்கம் கண்ணாடி. இரு பக்கங்களிலும் ஒளி புகுந்து வெளியேறச் சின்னக் கண்ணாடி ஜன்னல்கள். உட்புறம் முழுவதும் பிசுபிசுப்பான கிளிசரின் பூச்சு. சில நாட்கள் அசையாமல் வைத்திருந்தால், உள்ளே மிதக்கும் தூசியெல்லாம் படிந்து ஒட்டிக்கொள்ளும். ஒளிக் கற்றையைச் செலுத்திப் பார்ப்பார். கற்றை உள்ளே தெரியாமல் இருட்டாக இருந்தால், காற்று சுத்தம் என்று பொருள். அதன் பிறகு உள்ளே பொருத்தியிருக்கும் கண்ணாடிக் குழல்களில் ஆட்டிறைச்சி, மீன், கிழங்கு, உலர்ந்த புல் ஆகியவற்றின் கஷாயங்களை ஊற்றிக் கொதிக்க வைத்து, திறந்தபடியே விட்டுவிடுவார். மாதக் கணக்காகியும் அவை கெடவில்லை. வெளியே சாதாரணக் காற்றில் வைத்தவை சில நாட்களில் நாறிப் போயின.

இந்தச் சோதனைகளில் இன்னொரு சங்கதியையும் கண்டு 1876-ல் எழுதி வைத்தார். சில குழல்களில் பெனிசிலியம் என்ற பூஞ்சணம் மேலே படர்ந்தபோது, கீழே இருந்த பாக்டீரியாக்கள் ஒடுங்கிப் போயின. அதை அவர் தொடரவில்லை. 1928-ல் பிளெமிங் கவனித்த பின்தான் உலகத்துக்குப் பெனிசிலின் மருந்து கிடைத்தது.

தோல்வி தந்த வெற்றி

கட்சி ஜெயித்தது என்று எண்ணியிருந்த சமயத்தில், 1876 இலையுதிர் காலத்தில், எல்லாம் தலைகீழாயிற்று. அதே பெட்டி, அதே முறை. ஆனால் கஷாயங்கள் கெட்டுப் போயின. மறுபடி செய்தார், மறுபடி கெட்டன. மணிக் கணக்காகக் கொதிக்க வைத்தும் பயன் இல்லை. எதிராளிகள் சொன்னதுதான் சரியோ என்று பார்ப்பவர்கள் நினைக்கும் நிலை வந்தது. தோல்விகளை மறைத்துவிட்டுப் பழைய வெற்றிகளை மட்டும் பேசியிருக்கலாம். டிண்டால் அப்படிச் செய்யவில்லை.

ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டுக்கொண்டே வந்தார். கடைசியில், ஆராய்ச்சிசாலைக்குள் கொண்டு வந்திருந்த பழைய உலர்ந்த புல்லின் மேல் சந்தேகம் விழுந்தது. அதிலிருந்து கிளம்பிய ஏதோ ஒன்று கட்டடம் முழுவதும் பரவிவிட்டது. பெட்டி படுக்கைகளைத் தூக்கிக்கொண்டு கியூ தோட்டத்தில் உள்ள ஜாட்ரல் ஆராய்ச்சிசாலைக்குப் போனார். புதிய இடத்தில் பழைய சோதனைகள் மறுபடி வெற்றி பெற்றன.

ஆக, கொதி நீரிலும் சாகாத ஒரு விதை நிலை சில கிருமிகளுக்கு உண்டு என்பது தெளிவாயிற்று. அந்த விதைகளை ஜெர்மனியில் பெர்டினாண்டு கோன் என்பவர் 1876-ல் நுண்பெருக்கியில் கண்டு விவரித்திருந்தார். அவற்றைக் கொல்வது எப்படி? 1877-ல் டிண்டால் கண்ட வழி அதிசயமானது. வெகு நேரம் கொதிக்க வைக்க வேண்டாம். சிறிது நேரம் கொதிக்க வைத்து ஆற விட வேண்டும். விதைகள் பிழைத்தோம் என்று முளை விடும். முளை விட்டால் மெதுவாகிவிடும். அப்போது மறுபடி சிறிது கொதி. எஞ்சியவை முளைக்கட்டும், பிறகு மூன்றாவது கொதி. மணிக் கணக்காகக் கொதித்தும் சாகாதவை, சில சிறு கொதிகளில் செத்தன. இந்த முறைக்கு இன்றளவும் டிண்டால் பெயரே வழங்குகிறது. தானாக உயிர் தோன்றும் என்ற வாதத்தின் பலம் இதோடு ஒடிந்தது.

சண்டைக்காரர், தயாளர்

டிண்டால் சாந்த சொரூபி அல்லர். நியாயம் என்று பட்டால் யாரோடும் மல்லுக்கு நிற்பார். 1874-ல் பெல்பாஸ்டில் விஞ்ஞான மகாநாட்டுக்குத் தலைமை வகித்து, இயற்கையை ஆராய்வதில் மத பீடங்களுக்கு அதிகாரம் இல்லை என்று பேசினார், தேசமே கொந்தளித்தது. கலங்கரை விளக்கங்களுக்கு ஆலோசகராக இருந்தபோது, விக்கம் என்ற அயர்லாந்துக்காரரின் புதிய விளக்குக்கு நியாயம் செய்யவில்லை என்று 1883-ல் அந்தப் பதவியையே உதறினார்.

பணத்தாசையும் கிடையாது. 1872-ல் அமெரிக்கா சென்று 35 பிரசங்கங்கள் செய்தார். கூட்டம் அலை மோதியது. செலவு போக மிஞ்சிய சுமார் 13,000 டாலரையும் அங்கேயே வைத்து, அமெரிக்க மாணவர்களின் விஞ்ஞானப் படிப்புக்கு எழுதி வைத்துவிட்டு வந்தார். கைக்காசு கரைய ஜெர்மனியில் படித்தவர் அல்லவா!

லூயிஸா அம்மாள்

1876-ம் வருஷம் பிப்ரவரி 29-ந் தேதி, தமது 55-வது வயதில், டிண்டால் விவாகம் செய்துகொண்டார். மணமகள் லூயிஸா ஹாமில்டன் பிரபு குலத்துப் பெண், வயது 30. குழந்தைகள் இல்லை. கணவரின் ஆராய்ச்சியில் துணை நின்றார், கடிதங்கள் எழுதினார், கோடையில் ஆல்ப்ஸ் மலை மேல் பெலால்ப் என்ற இடத்தில் கட்டிய சிறு வீட்டில் அவரோடு தங்கினார்.

டிண்டாலுக்கு வெகு நாளாகத் தூக்கமின்மை என்ற வியாதி. வயதாக ஆக அது முற்றியது. 1887-ல் உத்தியோகத்திலிருந்து விலகி, ஹைண்ட்ஹெட் என்ற குன்றுப் பிரதேசத்தில் வீடு கட்டிக்கொண்டு வசித்தார். இரவில் தூக்கத்துக்குக் குளோரல் என்ற மருந்து. காலையில் வயிற்றுக்கு மக்னீஷியா. இரண்டையும் கொடுப்பவர் லூயிஸா அம்மாள்தான்.

1893-ம் வருஷம் டிசம்பர் 4-ந் தேதி காலை. மக்னீஷியா என்று நினைத்து அவர் ஊற்றிக் கொடுத்தது குளோரல். குடித்த உடனேயே சுவை இனிப்பாக இருப்பதை டிண்டால் உணர்ந்தார். நடந்தது என்ன என்பது இருவருக்கும் விளங்கிவிட்டது. டாக்டர்கள் ஓடி வந்தார்கள். செய்யக் கூடியதையெல்லாம் செய்தார்கள். அன்று மாலையே அவர் ஆவி பிரிந்தது. விசாரணையில் இது தற்செயலாக நேர்ந்த விபத்து என்றே தீர்ப்பாயிற்று. சட்டம் அந்த அம்மாளைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. அவர் மனம் என்ன சொல்லியிருக்கும் என்று நாம் எழுத வேண்டியதில்லை.

அதன் பிறகு அவர் 47 வருஷங்கள் உயிரோடிருந்தார். கணவருடைய ஜீவிய சரித்திரத்தைத் தாமே எழுதி முடிப்பது என்று உறுதி பூண்டார். உலகெங்கும் இருந்து கடிதங்களைத் திரட்டினார். நாட்குறிப்புகளைப் பிரதி எடுத்தார். சேர்க்கச் சேர்க்க மலையாகக் குவிந்ததே தவிர, புத்தகம் முடியவில்லை. பிறர் கையில் கொடுக்கவும் மனம் ஒப்பவில்லை. 1940-ல் அவர் காலமானார். அவர் திரட்டி வைத்ததைக் கொண்டு ஈவ், கிரீஸி என்ற இருவர் எழுதிய சரித்திரம் 1945-ல் வெளி வந்தது. டிண்டால் மறைந்து அப்போது அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. பாஸ்டர், ஹக்ஸ்லி, டார்வின் பெயர்கள் நிலைத்த அளவுக்கு அவர் பெயர் நிலைக்காமல் போனதற்கு இந்தத் தாமதமும் ஒரு காரணம்.

கண்ணாடி நூலில் சந்தித்தவை

டிண்டால் ஹைண்ட்ஹெட்டில் ஓய்ந்திருந்த காலத்தில், 1888-ல், திருச்சிராப்பள்ளியில் ஒரு குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தைதான் ஸர் ஸி. வி. ராமன். 1921-ல் கப்பலில் வரும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு, டிண்டால் கேட்ட அதே கேள்வியை ராமனும் கேட்டார். நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதற அடிக்கின்றன என்று நிறுவினார். அந்த ஆராய்ச்சியே வளர்ந்து, சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறி வருகிறது என்ற கண்டுபிடிப்பாக 1928-ல் முடிந்தது.

டிண்டாலின் தண்ணீர்த் தாரை என்ன ஆயிற்று? தண்ணீருக்குப் பதிலாகத் தலைமயிரைப் போன்ற கண்ணாடி நூல் வந்தது. அத்தகைய நூல்களைக் கற்றையாகக் கட்டி உருவத்தை அனுப்பும் வித்தையை, பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானி, ஹாப்கின்ஸ் என்ற பேராசிரியருடன் சேர்ந்து 1954-ல் வெளியிட்டார். தண்ணீர்த் தாரையின் வேடிக்கை நடந்து அப்போது சரியாக 100 வருஷம். சுத்தமான கண்ணாடி கிடைத்தால் நெடுந்தூரம் செய்தி அனுப்பலாம் என்று சார்லஸ் காவோ 1966-ல் கணக்கிட்டுச் சொன்னார். இன்று நம் டெலிபோன் பேச்சும் படமும் கடலுக்கடியில் அந்த நூல்களில்தான் ஓடுகின்றன.

அந்த நூலுக்குள்ளும் ஒளி கொஞ்சம் சிதறுகிறது. அதில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பி வருகிறது. செய்தி அனுப்புகிறவர்களுக்கு அது நஷ்டம், ஓர் இடைஞ்சல். ஆனால் டிண்டால் வழியில் வந்தவர்கள் அந்த இடைஞ்சலையே உற்றுப் பார்த்தார்கள். நூலில் ஒரு மீட்டர் தூரம் போய்த் திரும்ப ஒளிக்கு விநாடியில் 10 கோடியில் ஒரு பங்கு நேரம் ஆகிறது. ஆகவே, திரும்பும் நேரத்தைக் கொண்டு எந்த இடத்திலிருந்து வருகிறது என்று சொல்லிவிடலாம். ராமன் கண்டபடி நிறம் மாறி வரும் ஒளியின் பலத்தைக் கொண்டு அந்த இடத்தின் உஷ்ணத்தையும் சொல்லிவிடலாம். சுரங்கப் பாதைகளிலும் எண்ணெய்க் கிணறுகளிலும் குழாய்களின் ஓரத்திலும் இப்படிப்பட்ட நூல்களைக் கிடத்தி வைத்திருக்கிறார்கள். எங்கே தீப்பிடிக்கிறது, எங்கே கசிகிறது என்று சிதறி வரும் ஒளி காவல்காரனைப் போல வந்து சொல்கிறது. நில நடுக்கத்தின் அதிர்வைக் கூட இத்தகைய நூல்களைக் கொண்டு அறிகிறார்கள்.

1854-ல் தண்ணீருக்குள் ஒளியை வழி நடத்தியதும், 1868-ல் குழாய்க்குள் ஒளி சிதறக் கண்டதும் டிண்டாலுக்கு இரண்டு தனி வேலைகள். இன்று அவை இரண்டும் ஒரே கண்ணாடி நூலுக்குள் சந்தித்திருக்கின்றன. கான்ஸ்டபிள் மகனாகப் பிறந்து, வேலையிலிருந்து நீக்கப்பட்டு, வழியில் வந்த தடைகளையெல்லாம் நின்று உற்றுப் பார்த்த ஒரு மனிதருக்கு இதைவிடப் பொருத்தமான நினைவுச் சின்னம் வேறு வேண்டியதில்லை. அடுத்த முறை கூரை இடுக்கு வழியாக வெயில் விழும்போது, விளக்குமாற்றைத் தேடுவதற்கு முன் ஒரு நிமிஷம் நின்று அந்தத் தூசியைப் பாருங்கள். நம் தலைக்கு மேலே இருக்கும் நீல வானத்தின் ரகசியம் அதற்குள்தான் இருந்தது.